மின்னூல் வாங்கும் முன்: எழுத்தா, படமா, இரவலா?

அலமாரியில் இனி இடமில்லை. ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு மலிவுப் பதிப்புகளின் பொடி எழுத்து பிடிபடுவதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் புத்தகத்தின் விலையை விடத் தபால் செலவு கூடுதல். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மட்டமான தாளில் அச்சான நாவல்களோ புரட்டும்போதே ஓரம் உதிர்கின்றன. அச்சுப் புத்தகத்தோடு வளர்ந்த தமிழ் வாசகர்கள் மின்னூல் பக்கம் திரும்ப இப்படி ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. திரும்பியவர்களில் சிலர் கொஞ்ச நாளில் அலுத்துப்போய் விட்டுவிடவும் செய்கிறார்கள். "எழுத்து சின்னதா இருக்கு, பெரிசாக்கினா பக்கம் ஓடிப்போகுது." "கண்ணு எரியுது." "ஒரு வார்த்தையைத் தேடினா கிடைக்கவே மாட்டேங்குது." இவை எல்லாம் நியாயமான குறைகள். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை, எந்த மாதிரிக் கோப்பை எந்தக் கருவியில் திறக்கிறோம் என்று தெரியாமல் தொடங்குவதால் வருகிறவை. அதைத் தெரிந்துகொண்டால் போதும், இந்த மாற்றம் சிரமமானதல்ல.

மின்னூல் என்று நம் கைக்கு வருவதில் மூன்று வகை உண்டு. ஒன்று, அச்சுப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அடுக்கிய பி.டி.எஃப். இரண்டாவது, தட்டச்சு செய்த எழுத்தாகவே இருக்கும் கோப்பு. இபப் என்ற வடிவம் இதற்கானது. மூன்றாவது, கிண்டில் போன்ற கடையில் காசு கொடுத்து வாங்குவது. அதுவும் எழுத்துக் கோப்புதான். ஆனால் அந்தக் கடையின் செயலியிலோ கருவியிலோ மட்டுமே திறக்கும்படி பூட்டுப் போட்டிருக்கும்.

முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. திரையில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து அழுத்துங்கள். அந்தச் சொல் மட்டும் நிறம் மாறித் தேர்வானால் அது எழுத்து. ஒன்றும் நடக்கவில்லை என்றாலோ, பக்கம் முழுவதும் ஒரே கட்டமாகத் தேர்வானாலோ, அது படம். படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கலாம். வரிகள் திரைக்கு ஏற்ப மடங்கி வராது. ஆறு அங்குலக் கருவியில் டெம்மி அளவுப் புத்தகத்தின் ஸ்கேனைப் படிக்க முயன்றால், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டியிருக்கும். பலர் மின்னூலையே வெறுக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். எழுத்துக் கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. எழுத்தின் அளவைக் கூட்டினால் வரிகள் தாமாக மடங்கும், பக்க எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான். இபப் என்பது உள்ளுக்குள் ஒரு சுருக்கிய கோப்புறை. இணையப் பக்கங்கள் எழுதப்படும் அதே முறையில் அத்தியாயங்கள் அதற்குள் இருக்கின்றன. அதனால்தான் எந்தத் திரைக்கும் அது தன்னைப் பொருத்திக்கொள்கிறது. கோப்பின் அளவும் மிகச் சிறியது. ஒரு பெரிய நாவல் எழுத்தாக இருந்தால் ஓரிரு எம்.பி.யில் அடங்கிவிடும். அதையே தெளிவாக ஸ்கேன் செய்தால் நூறு எம்.பி.யைத் தாண்டிப்போகலாம்.

எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே ஒரு கலப்பினமும் தமிழில் நிறைய உண்டு. இது மற்ற மொழி வாசகர்கள் அதிகம் சந்திக்காத தலைவலி. சொல்லை அழுத்தினால் தேர்வாகும். ஆனால் அதை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குழம்பிக் கிடக்கும். தேடினால் எதுவும் அகப்படாது. காரணம், நம் பதிப்பகங்களின் கணினி வரலாறு. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் தமிழ்ப் புத்தகங்கள் பக்கம் கட்டப்பட்டன. அந்தக் கோப்புகளுக்குள் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள். திரையிலும் தாளிலும் அவற்றின் மேல் தமிழ் உருவம் ஏற்றப்படும். அச்சுக்கு அது போதும். தேடுவதற்கோ, உரக்கப் படிக்க வைப்பதற்கோ, வேறு கருவிக்கு மாற்றுவதற்கோ உதவாது. அப்படிக் கிடக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் போன்ற மென்பொருள்கள் வந்தன. மாற்றிய பின் ஒரு மனிதர் உட்கார்ந்து மெய்ப்பு பார்த்தால்தான் அது புத்தகமாகும். அந்த வேலையை விட்டுவிட்டு அவசரமாகக் கடையில் ஏற்றப்பட்ட மின்னூல்களில்தான் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும். காசு கொடுத்து வாங்குவதற்கு முன் இலவச மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான். இரண்டு பக்கம் படித்தாலே பதிப்பாளர் மெய்ப்பு பார்த்தாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றவும் வழி இருக்கிறது. ஓ.சி.ஆர். எனப்படும் எழுத்துணரி, படத்தைப் பார்த்து எழுத்துகளை அடையாளம் காண்கிறது. கடந்த பத்தாண்டுகளில் தமிழுக்கு இது வியக்கும்படி முன்னேறியிருக்கிறது. நன்றாக அச்சான அண்மைக்காலப் புத்தகம் என்றால் பிழை குறைவு. பழைய புத்தகம் என்றால் தடுமாறும். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவை வேறு உருவத்தில் இருக்கும். ரகரத்தையும் துணைக்காலையும் எழுத்துணரி மாற்றிப்போடும். தமிழ் எண்ணான ௧ ககரமாகிவிடும், ௭ எகரமாகிவிடும். மனிதர் கையால் தட்டுவதிலும் இப்படிப்பட்ட பிழை உண்டு: ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு வேறு வேறு. ஔவையாரைத் தேடுகிறவருக்கு ஔவையார் கிடைக்க மாட்டார். தேடியது வரவில்லை என்றால் வேறு எழுத்துக்கூட்டலிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இனி கருவி. கையிலிருக்கும் செல்பேசியே போதும் என்பது என் கருத்து, தொடங்குவதற்கு. தனிக் கருவி வாங்குவதை, எழுத்துக் கோப்பில் நாலைந்து புத்தகங்கள் படித்து முடித்த பிறகு யோசிக்கலாம். அப்போதும் தொடர்ந்து படிக்கிறோம் என்றால் மின்மைத் திரை உள்ள கருவி வாங்குவது நல்ல செலவு. இதன் நுட்பம் 1997-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் இருந்து கிளைத்த இ இங்க் நிறுவனத்துடையது. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண் குமிழ்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்பு, வெள்ளை நிறத் துகள்கள். மின்னூட்டத்தைப் பொறுத்து ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் செலவாகிறது. ஒருமுறை உருவான எழுத்து மின்சாரம் இல்லாமலே நிற்கும். அதனால் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடும். திரை தானே ஒளிர்வதில்லை, தாளைப் போல வெளி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. மொட்டைமாடி வெயிலிலும் தெளிவாகப் படிக்கலாம். இருட்டில் படிக்க ஓரத்திலிருந்து மேற்பரப்பின் மேல் படரும் மெல்லிய விளக்கு இருக்கிறது. அது செல்பேசித் திரையைப் போல நேராகக் கண்ணுக்குள் அடிப்பதில்லை.

படுக்கைக்குப் போகும் நேரத்தில் படிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 2014 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உறங்கும் முன் சில மணி நேரம் ஐபேடில் படித்தவர்கள், அச்சுப் புத்தகம் படித்த நாட்களை விடச் சராசரியாக ஏறக்குறைய 10 நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள். தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பும் குறைந்து தள்ளிப்போனது. பங்கேற்றவர்கள் 12 பேர்தான், திரை முழு வெளிச்சத்தில் இருந்தது, ஆகவே இதைப் பெரிதாக ஊதவேண்டியதில்லை. இரவில் செல்பேசியில் படிப்பதானால் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கென்று சில அமைப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். நம் சொற்கள் நீளமானவை. விகுதியும் வேற்றுமையும் சேர்ந்து ஒரு சொல்லே பாதி வரியைப் பிடித்துவிடும். இருபுறமும் சமப்படுத்திய அமைப்பில், பெரிய எழுத்தில், வரிக்கு மூன்று சொல் நின்று நடுவில் ஓட்டை விழும். கருவியில் இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக நிற்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது போய்விடும். மெய்யெழுத்தின் புள்ளியும் மேல் விலங்கும் மேல் வரியோடு முட்டாதபடி வரி இடைவெளியையும் ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளின் நூல்களைக் கிண்டிலில் விற்கத் தொடங்கியதிலிருந்து அந்தக் கருவிகளில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. வெளியிலிருந்து இறக்கிய இபப் கோப்பையும் 2022 முதல் கிண்டிலுக்கு அனுப்பிப் படிக்க முடிகிறது. அதற்கு முன் இருந்த மோபி வடிவம் ஒதுக்கப்பட்டுவிட்டது. பழைய மோபி கோப்புகள் உங்களிடம் இருந்தால், காலிபர் என்ற இலவச மென்பொருளால் அவற்றை இபப்பாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்றாவது வகைக்கு, காசு கொடுத்து வாங்கும் மின்னூலுக்கு வருகிறேன். இங்கேதான் அச்சுப் புத்தகத்தோடு வளர்ந்தவர்களின் மனக்கணக்கு தவறிப்போகிறது. கடையில் அச்சுப் புத்தகம் வாங்கினால் அது நம்முடையது. நண்பருக்கு இரவல் கொடுக்கலாம், திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகமாக விற்கலாம், பிள்ளைக்கு விட்டுச்செல்லலாம். பெரிய இணையக் கடைகளில் மின்னூல் வாங்கும்போது நமக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம். அது ஒரு கணக்கோடு கட்டப்பட்டது. பெரும்பாலான கடைகளின் நிபந்தனைப்படி அதை விற்கவோ பிறர் பேருக்கு மாற்றவோ முடியாது. பொத்தானில் 'வாங்கு' என்று எழுதியிருந்தாலும் நிலைமை இதுதான். கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல், இப்படி உரிமம் மட்டும் தரும் டிஜிட்டல் பொருளை விற்கும்போது அதை வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறது.

இது வெறும் அச்சம் இல்லை என்பதற்கு நடந்த கதைகள் உண்டு. 2009 ஜூலையில், கிண்டிலில் விற்கப்பட்ட ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் ஒரு பதிப்பை, அதை ஏற்றியவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும் அமேசான் வாசகர்களின் கருவிகளிலிருந்தே நீக்கியது. பணம் திரும்பி வந்தது. பாடத்துக்காக அந்த நூலில் குறிப்பு எழுதிவைத்திருந்த ஒரு பள்ளி மாணவருக்கு, குறிப்புகள் எந்த வரிக்கானவை என்பதே தெரியாமல் போயிற்று. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் பின்னர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற புத்தகங்கள் அத்தனையும் வாசகர்களின் கணக்கிலிருந்து போயின. அங்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரி 26-ஆம் தேதிக்குப் பிறகு, கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியாகக் கருவிக்கு ஏற்றும் வசதியும் நிறுத்தப்பட்டது. படிப்பதற்கு இதனால் இடையூறு இல்லை. நம் கையில் ஒரு படி வைத்துக்கொள்ளும் வழி ஒன்று அடைபட்டது.

இதற்காகக் கடைப்பக்கமே போகக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை படித்துவிட்டு விடும் நாவல், பயணத்தில் படிக்கும் துப்பறியும் கதை, அச்சில் கிடைக்காத நூல் ஆகியவற்றுக்கு அது மிக நல்ல வழி. பல பேருடைய எழுத்து அங்கே மட்டும்தான் கிடைக்கிறது. பெண்கள் எழுதும் குடும்பக் கதைகளும் காதல் கதைகளும் கிண்டிலிலும் பிரதிலிபியிலும் பெரிய வாசகர் கூட்டத்தைப் பெற்றிருக்கின்றன. வாழ்நாள் முழுதும் வேண்டும் என்று நினைக்கும் நூலை மட்டும், அச்சாகவோ பூட்டில்லாத கோப்பாகவோ வாங்குங்கள். பூட்டில்லாமல் விற்கும்படி பதிப்பாளர்களிடம் கேளுங்கள். கேட்கும் வாசகர் இருந்தால்தான் விற்பார்கள். விலை ஏன் அச்சை ஒட்டியே இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்தியாவில் அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, மின்னூலுக்கு உண்டு. 2018-இல், அச்சு வடிவமும் உள்ள மின்னூல்களுக்கு வரியை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள்.

இலவசமாக, சட்டப்படி, பூட்டில்லாமல் கிடைக்கும் தமிழ் நூல்களின் அளவு பலருக்கு வியப்பைத் தரும். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. அதற்குப் பின் நூல் பொதுச்சொத்து. 1954 டிசம்பரில் காலமான கல்கியின் நூல்களை எடுத்துக்கொண்டால், 60 ஆண்டுக் கணக்கு 2014-ஓடு முடிகிறது. தமிழ்நாட்டுக்கு இன்னொரு வழக்கமும் இருக்கிறது: நாட்டுடைமை. எழுத்தாளரின் வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து அரசே உரிமையைப் பெற்று, யாரும் வெளியிடலாம் என்று விட்டுவிடுகிறது. 1949-இல் பாரதியின் எழுத்துகளை அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கியதில் தொடங்கிய வழி இது. புதுமைப்பித்தனும் இந்த வழியில் பொதுவானவர். வேறெந்த மொழி வாசகருக்கும் எளிதில் வாய்க்காத பேறு இது என்றே நினைக்கிறேன். நாம்தான் இதை முழுதாகப் பயன்படுத்தவில்லை.

இந்த நூல்கள் இணையத்துக்கு வந்த கதை தன்னார்வலர்களின் கதை. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வந்து இரவில் சங்க நூல்களையும் பக்தி இலக்கியத்தையும் வரிவரியாகத் தட்டச்சு செய்தார்கள், இன்னொருவர் மெய்ப்பு பார்த்தார். முதலில் தனி எழுத்துருக்களில், பின்னர் டிஸ்கி குறிமுறையில், அதன்பின் யூனிகோடில் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் நூல்களைக் கைவிடாமல் மாற்றிக்கொண்டே வந்தார்கள். இன்று ஒரு பாசுரத்தின் பாதி வரி மட்டும் நினைவில் இருந்தால் இணையத்தில் தேடி எடுத்துவிட முடிகிறதே, அதன் பின்னால் இவர்களுடைய கை இருக்கிறது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் நாட்டுடைமை நூல்களும் அரிய பழம் பதிப்புகளும் ஸ்கேன் கோப்புகளாகக் கிடைக்கின்றன. அவற்றில் நாட்டுடைமை நூல்கள் விக்கிமூலத்தில் எழுத்துணரி வழியாக எழுத்தாக மாறி, தன்னார்வலர்களால் மெய்ப்பு பார்க்கப்பட்டு வருகின்றன. நேரமுள்ள வாசகர் யாரும் அங்கே ஒரு பக்கம் மெய்ப்பு பார்க்கலாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களுக்கு இதைவிட ஏற்ற வேலை இருக்காது. எழுத்தாளர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்ட இக்கால நூல்களை இபப்பாகவே தருகிறது ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளம். சிங்கப்பூரில் 1965 முதல் 50 ஆண்டுகளில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கி 2015-இல் தேசிய நூலகத்திடம் ஒப்படைத்தார்கள், அதுவும் அங்குள்ள தமிழ்ச் சமூகத்தின் முயற்சியில்.

ஈழத்தின் நூலகம் திட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1981 ஜூன் முதல் தேதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. ஒரே ஒரு படியாக இருந்தவை அதோடு போயின. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூட ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. அவை படக் கோப்புகள்தாம், செல்பேசியில் படிக்க வசதி குறைவுதான். ஆனால் அங்கே ஏறியிருக்கும் ஒரு சிற்றிதழின் படிகள் இன்று யாழ்ப்பாணத்திலும் டொரண்டோவிலும் சென்னையிலும் இருக்கின்றன. ஒரு தீக்குச்சியால் இனி அதை இல்லாமல் செய்ய முடியாது. மின்னூலின் பயன்களில் நான் மிகப் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

அதேபோல மனத்துக்கு நெருக்கமான இன்னொரு பயன், பார்வையற்ற வாசகர்களுக்குக் கிடைத்தது. எழுத்துக் கோப்பாக இருந்தால் செல்பேசியே தமிழில் உரக்கப் படித்துக் காட்டும். யாராவது வந்து படித்துச் சொல்லும்வரை காத்திருந்தவர், தான் விரும்பிய நேரத்தில் விரும்பிய பக்கத்தைக் கேட்கிறார். அச்சு நூல்களைப் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்ற வடிவில் மாற்றுவதை எளிதாக்கும் மர்ரகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் அவர்களுக்கானது. படமாக மட்டும் இருக்கும் பி.டி.எஃப். அவர்களுக்கு வெற்றுத் தாள். பழைய எழுத்துருவில் பக்கம் கட்டிய கோப்பு பொருளில்லாத ஓசை. பதிப்பாளர்கள் யூனிகோடில் வேலை செய்ய வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

காப்புரிமை உள்ள நூல்களின் ஸ்கேன் கோப்புகள் வாட்ஸ்ஆப்பிலும் டெலிகிராமிலும் சுற்றுவது எல்லோருக்கும் தெரியும். தமிழில் பல நல்ல நூல்கள் முதல் பதிப்பாகச் சில நூறு படிகளே அச்சாகின்றன. அந்த நிலையில் ஒரு குழுவில் பகிரப்படும் ஒரு கோப்பு, ஒரு பதிப்பின் விற்பனையையே தின்றுவிடும். அடுத்த நூலை அந்தப் பதிப்பாளர் போட மாட்டார். வேண்டாம்.

படித்தது மனத்தில் தங்குமா என்று கேட்கிறார்கள். 2018-இல் ஸ்பெயின், இஸ்ரேல் ஆய்வாளர்கள் 54 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் 1,71,000-க்கும் மேல். தகவல் சார்ந்த நூல்களைத் தாளில் படித்தவர்களின் புரிதல் சற்று மேலாக இருந்தது. நேர நெருக்கடி இருந்தபோது இடைவெளி கூடியது. கதைகளில் அப்படி வேறுபாடு தென்படவில்லை. 2019-இல் நார்வேயின் ஆன் மாங்கனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், 50 பேரில் பாதிப்பேர் ஒரு மர்மக் கதையைக் கிண்டிலிலும் மற்றவர்கள் தாளிலும் படித்தார்கள். பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் சமம். நிகழ்ச்சிகள் எந்த வரிசையில் நடந்தன என்பதில் மட்டும் தாளில் படித்தவர்கள் முந்தினார்கள். கையில் தடித்துக்கொண்டே போகும் இடப்பக்கமும் மெலியும் வலப்பக்கமும், கதையில் எங்கே இருக்கிறோம் என்பதை விரலுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. நாவல், சிறுகதை, தன்வரலாறு ஆகியவற்றை மின்னூலுக்கு விட்டுவிடலாம். தேர்வுக்குப் படிப்பதை அச்சில் படியுங்கள். மூலமும் உரையும் அடிக்குறிப்பும் ஒரே பக்கத்தில் இருக்கும் உரைநூல்கள், திரையில் முன்னும் பின்னும் தாவவைத்து அலைக்கழிக்கும். அவையும் அச்சில் இருக்கட்டும். சிறு பிள்ளைகளின் படக்கதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவர்களுக்குத் தாள் வேண்டும், கிழிக்கவும் வேண்டும். அகராதி நேர் எதிர். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் பின்னர் ஓர் அனுபந்தமாகவும் வந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை, சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் தேடும் வடிவில் வைத்திருக்கிறது. தொகுதியை இறக்கி, தூசி தட்டி, பக்கம் தேடும் நேரத்தில் பத்துச் சொல் பார்த்துவிடலாம். விகுதி நீக்கி அடிச்சொல்லாகத் தேட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அலமாரியைக் காலி செய்யத் துணிந்தவர்கள் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய நூல்களின் தலைப்பை மேலே சொன்ன நூலகங்களில் தேடிப் பாருங்கள். எங்கும் இல்லை என்றால் உங்களிடம் இருப்பது அரிய படி. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களிலிருந்து உருவானது. கல்யாணப் பத்திரிகையும் நாடக நோட்டீசும்கூட அங்கே ஆவணம். இலங்கை நூல் என்றால் நூலகம் திட்டத்தினர் இருக்கிறார்கள். முதலில் கேளுங்கள், பிறகு கழியுங்கள்.

மின்னூலாக மட்டும் வெளியிடும் எழுத்தாளர்களுக்கும் ஒரு சொல். 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளிவரும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். அந்தச் சட்டம் பேசுவது அச்சான நூலைப் பற்றி. கிண்டிலில் மட்டும் வந்த நாவல், அந்தக் கணக்கு மூடப்பட்டால், எந்த நூலகத்திலும் இருக்காது. தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் பத்துப் படி போட்டு, கன்னிமாராவுக்கும் உங்கள் மாவட்ட மைய நூலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.

வாசகராக நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் குறைவு. பூட்டில்லாத கோப்புகளை ஆசிரியர் பெயர், நூல் பெயர், பதிப்பு ஆண்டு என்ற வரிசையில் பெயரிட்டு, செல்பேசியில் மட்டும் விட்டுவைக்காமல் ஒரு வெளி வட்டிலும் படியெடுத்து வையுங்கள். கடையில் வாங்கியவை எந்தக் கணக்கில் இருக்கின்றன, அதன் கடவுச்சொல் என்ன என்பதை வீட்டில் ஒருவருக்காவது தெரியும்படி எழுதி வையுங்கள்.